மலையைத் தேசமாக்கிய ஓவியர்கள்

துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷக் கடைசியில் காலண்டர் அடித்துக் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சாமி படம் கேட்பார்கள். மீதிப் பேர் "சீனரி படம் இருந்தா குடுங்க" என்பார்கள். பனி மூடிய ஒரு மலை, கீழே ஏரி, ஏரித் தண்ணீரில் மலையின் நிழல், கரையில் இரண்டு மான். முப்பது வருஷத்தில் இப்படிப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது எந்த ஊர் மலை என்று வாங்கினவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

2013இல் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அந்தக் காலண்டர் மலை ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஆறடி உயரம், பத்தடி நீளம். ஆல்பர்ட் பீர்ஸ்டாட் என்பவர் 1863இல் வரைந்து முடித்த 'ராக்கி மலைகள், லாண்டர் சிகரம்' என்ற படம் அது. பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன். மலை, அருவி, தண்ணீர் எல்லாம் எனக்குப் பழகினவைதான். ஆனால் காலண்டரில் இல்லாத ஒன்று படத்தின் கீழ்ப்பாகத்தில் இருந்தது. கூடாரங்கள், குதிரைகள், நாய்கள், வேட்டையாடிக் கொண்டுவந்து போட்ட மிருகங்கள், அங்கங்கே மனிதர்கள் என்று ஒரு முழு ஊரே இருந்தது. அவர்கள் ஷோஷோனி இனத்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த ஊர் காலண்டருக்கு வந்து சேர்வதற்குள் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியின் பின்னால் போய்ப் படித்ததைத்தான் நம் சங்க மலருக்கு எழுதுகிறேன். ஓவியக் கலையை நான் முறையாகக் கற்றவன் இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற சமண வீட்டில் பிறந்தவன் என்பதால் ராத்திரியில் படிக்க நிறைய நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். பிழை இருந்தால் அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோபுரம் இல்லாத தேசம்

அமெரிக்கர்கள் 1776இல் சுதந்திரம் அறிவித்தார்கள். கொடி வந்தது, அரசியல் சட்டம் வந்தது, ஜனாதிபதி வந்தார். ஆனாலும் ஐரோப்பாக்காரர்கள் கண்ணுக்கு அவர்கள் நேற்று முளைத்தவர்கள். பஃபோன் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர், புது உலகத்து மிருகங்களே பழைய உலகத்து மிருகங்களைவிடச் சின்னவை, வலுவற்றவை என்று எழுதிவைத்தார். இதைப் பொறுக்கமாட்டாமல் தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்த சமயம், 1787இல், மூஸ் என்னும் ராட்சத மானின் எலும்பையும் தோலையும் கப்பலில் வரவழைத்துப் பஃபோனுக்குக் காட்ட ஏற்பாடு செய்தார். பின்னாளில் ஜனாதிபதி ஆகப்போகிற ஒரு மனிதர் செத்த மானுக்காக இத்தனை மெனக்கெட்டார் என்றால் அந்தப் பேச்சு எவ்வளவு உறுத்தியிருக்கும்! 1820இல் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலப் பாதிரியார், அமெரிக்கர்களுடைய நூல், நாடகம், ஓவியம் எதையும் உலகில் ஒருவரும் சீந்துவதில்லை என்ற பொருளில் 'எடின்பரோ ரிவ்யூ' பத்திரிகையில் எழுதிக் கேலி செய்தார்.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு இடிந்த ரோமானியத் தூண் இருந்தது, பாழடைந்த கோட்டை இருந்தது. மலைக்குப் பின்னால் ஒரு கோட்டையை வரைந்துவிட்டால் படத்துக்குள் சரித்திரம் வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் அப்படி ஒன்றும் இல்லை என்று நினைத்தார்கள். உண்மையில் இல்லாமல் இல்லை. மிசிசிப்பி ஆற்றோரத்தில் கஹோகியா என்ற இடத்தில், இன்றைக்குச் சுமார் 900 வருஷத்துக்கு முன் ஒரு பெரிய நகரமே இருந்தது. அங்கே எழுப்பிய மண்மேடு ஒன்று 100 அடி உயரத்தில் இன்றும் நிற்கிறது. ஆனால் அதைக் கட்டினவர்கள் நாம் பள்ளிக்கூடத்தில் 'செவ்விந்தியர்' என்று படித்த பூர்வகுடிகள். அவர்களுடைய பழமையைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளக் குடியேறியவர்களுக்கு மனம் வரவில்லை.

பழமைக்கு வேறு எங்கே போவது? கோடாலி படாத காடு, ஆயிரம் வயது மரம், மனிதன் வருவதற்கு முன்பே கொட்டிக்கொண்டிருந்த நயாகரா. ஐரோப்பாவின் கோட்டைகளை ராஜாக்கள் கட்டினார்கள், எங்கள் மலைகளை ஆண்டவனே கட்டினான் என்று ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிலைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர்கள் ஓவியர்கள்.

காலிகோ அச்சுக்காரர்

முதல் பெயர் தாமஸ் கோல். அமெரிக்கத் தேசிய ஓவியத்தின் தந்தை என்கிறார்கள். மனிதர் அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்துப் போல்டன் ஊரில் 1801இல் பிறந்தார். போல்டன் என்றால் பஞ்சு மில் ஊர். சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் 'மியூல்' என்ற நூற்பு எந்திரத்தைக் கண்டுபிடித்தது அந்த ஊரில்தான். கோல் பையனாக இருந்தபோது காலிகோ துணிக்கு அச்சு டிசைன் போடுகிற இடத்தில் வேலை பழகினார். இந்த இடத்தில் ஒரு துணி வியாபாரி வாயை மூடிக்கொண்டு போக முடியாது. காலிகோ என்ற பேரே நம் கோழிக்கோட்டிலிருந்து போன பேர். மலபார்த் துறைமுகத்தில் ஏறின துணியின் பேர் லங்காஷயர் மில் துணிக்குப் போய், அந்த மில்லில் அச்சு வரைந்த கை அமெரிக்காவின் மலைகளை வரையப் போயிற்று.

தகப்பனார் தொழிலில் நஷ்டப்பட்டுக் குடும்பம் 1818இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கோல் 1825இல் நியூயார்க் வந்தார். ஹட்சன் ஆற்றில் படகேறிக் கேட்ஸ்கில் மலைகளுக்குப் போய் வரைந்து வந்த மூன்று படங்கள் ஒரு கடை ஜன்னலில் தொங்கின. விலை ஒவ்வொன்றும் 25 டாலர். ஜான் ட்ரம்புல், வில்லியம் டன்லப், ஆஷர் டியூரண்ட் என்ற மூன்று ஓவியர்கள் ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். அதோடு கோலின் பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. இவருக்குப் பின் அந்தப் போக்கில் வரைந்தவர்களைச் சேர்த்து 'ஹட்சன் ஆற்றுப் பள்ளி' என்கிறார்கள். பள்ளி என்றால் பள்ளிக்கூடம் இல்லை. அந்தப் பேரும் பிற்காலத்தார் கொஞ்சம் இளக்காரமாக வைத்ததுதான்.

அதே 1825இல்தான் ஈரி கால்வாய் திறந்தது. ஹட்சன் ஆற்றில் சரக்கும் ஜனமும் குவிந்தன. கேட்ஸ்கில் மலை மேல் 1824லேயே ஒரு பெரிய ஹோட்டல் வந்தாயிற்று. காட்டர்ஸ்கில் அருவியில் உல்லாசப் பயணிகள் நின்று பார்ப்பதற்கு மேடையும் கைப்பிடியும் போட்டிருந்தார்கள். கோல் 1826இல் அந்த அருவியை வரைந்தபோது மேடை, கைப்பிடி, பயணிகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டார். அவற்றுக்குப் பதிலாகப் பாறை மேல் ஒற்றைப் பூர்வகுடி மனிதன் ஒருவனைச் சின்னதாக நிறுத்திவைத்தார். உண்மையில் இருந்தது படத்தில் இல்லை, படத்தில் இருப்பது அந்த இடத்தில் அப்போது இல்லை. மேலே நான் கேட்ட கேள்வியின் முதல் நுனி எனக்கு அகப்பட்டது இந்தப் படத்தில்தான்.

கோல் எழுதவும் தெரிந்தவர். அமெரிக்க இயற்கைக் காட்சி பற்றி அவர் 1836இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த நாட்டின் தனிச்சிறப்பே அதன் காட்டுத்தன்மைதான் என்கிறார். பழைய இடிபாடுகள் இல்லையே என்ற குறைக்கு, எங்கள் மலைகள் இறந்தகாலத்தைவிட எதிர்காலத்தை நினைவூட்டுகின்றன என்று பதில் வைக்கிறார். அதே கட்டுரையில் கோடாலி காட்டை அழிக்கிறதே என்றும் அழுகிறார். இரண்டும் ஒரே மனசுக்குள் இருந்தன. அதே வருஷம் வரைந்த 'ஆக்ஸ்போ' படத்திலும் இதைப் பார்க்கலாம். மெட்ரோபாலிடனில்தான் இருக்கிறது. இடது பக்கம் இடி மழையும் முறிந்த மரமும் காடும். வலது பக்கம் வெயிலில் காய்கிற வயல்கள், நடுவே மாட்டின் நுகத்தடி வளைவு போலத் திரும்பி ஓடும் கனெக்டிகட் ஆறு. கீழே பாறைகளுக்கிடையில் தொப்பி வைத்த ஓவியர் ஒருவர் திரும்பி நம்மைப் பார்க்கிறார். அது கோலேதான். காடு வேண்டுமா, வயல் வேண்டுமா, சொல்லுங்கள் என்று கேட்பது போல இருக்கும். (ஆறு யாருக்கும் காத்திருக்கவில்லை. 1840 வெள்ளத்தில் அந்த வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது.)

பணம் போட்டவர்கள்

ஓவிய வரலாறு எழுதுகிறவர்கள் வண்ணத்தைப் பற்றி நிறைய எழுதுவார்கள், வவுச்சரைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதுவார்கள். எனக்கு அதில்தான் ருசி. ஐரோப்பாவில் ஓவியனுக்கு ராஜாவும் பிரபுவும் சோறு போட்டார்கள். அமெரிக்காவில் ராஜா கிடையாது. லூமன் ரீட் என்ற நியூயார்க் மொத்த மளிகை வியாபாரி வந்தார். வியாபாரத்தில் சம்பாதித்துவிட்டு, கிரீன்விச் தெருவில் தன் வீட்டு மூன்றாவது மாடியைப் படக் கூடமாக்கி, வாரத்தில் ஒருநாள் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார். கோலிடம் ஐந்து படங்கள் கொண்ட 'பேரரசின் போக்கு' என்ற வரிசையை வரையச் சொன்னவர் இவர்தான். ஒரே மலை, ஒரே கடற்கரை. முதல் படத்தில் வேட்டைக்காரர்கள், இரண்டாவதில் மேய்ப்பர்கள், மூன்றாவதில் பளிங்கு மாளிகைகள், நான்காவதில் போரும் தீயும், ஐந்தாவதில் இடிந்த ஒற்றைத் தூணும் நிலவும். மலை மட்டும் ஐந்திலும் அசையாமல் நிற்கிறது. ரீட் 1836இல், வரிசை முடிவதற்குள் காலமானார்.

இந்தப் படங்களைத் தீட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்புவதற்கான சட்டம் 1830இல் வந்தது. 1838இல் செரோக்கி மக்களைப் பட்டாளம் வைத்து விரட்டியபோது வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மடிந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஹட்சன் ஆற்றோர ஓவியங்களில் இதன் சுவடு எதுவும் இல்லை. காடு ஏற்கெனவே காலியாகத்தான் கிடந்தது என்பது போல ஓர் அமைதி அவற்றில் இருக்கிறது.

ரீட்டின் கடையில் வளர்ந்து பங்காளியான ஜானதன் ஸ்டர்ஜஸ் இன்னொரு வியாபாரி. 1848இல் கோல் இறந்தபோது கவிஞர் வில்லியம் கல்லன் பிரையண்ட் இரங்கலுரை ஆற்றினார். அதற்கு நன்றியாக, கோலும் பிரையண்டும் ஒரு பாறை மேல் நின்று பேசிக்கொண்டிருப்பதாக டியூரண்டைக் கொண்டு 1849இல் ஒரு படம் வரையச் செய்து கவிஞருக்கு அன்பளித்தார் ஸ்டர்ஜஸ். அந்தப் படம் 1904இல் பிரையண்ட் குடும்பத்தாரால் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தது. நூலகம் 2005இல் அதை விற்றது. வாங்கியவர் வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டன். விலை சுமார் 3 கோடியே 50 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. நியூயார்க்காரர்கள் எங்கள் சொத்து போயிற்றே என்று கூச்சல் போட்டார்கள். படம் இப்போது ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் ஊரில், 2011இல் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மளிகைக் கடையில் ஆரம்பித்தது சூப்பர் மார்க்கெட்டில் போய் முடிந்திருக்கிறது, வேறென்ன சொல்ல!

கோலின் மாணவர் ஃப்ரெடரிக் சர்ச் காலத்தில் ஓவியம் டிக்கெட் போட்டுக் காட்டுகிற வியாபாரமாகவே ஆகிவிட்டது. 1859இல் தென்அமெரிக்க ஆண்டீஸ் மலைகளை வரைந்து, திரைச்சீலை கட்டி, ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு காட்டினார். மூன்று வாரத்தில் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். நாடகத்துக்குப் போகிற மாதிரி தூரதரிசினிக் கண்ணாடி எடுத்துக்கொண்டு போய் இலை இலையாகப் பார்த்தார்களாம். படம் 10,000 டாலருக்கு விலைபோனது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் இவர் போட்ட ஒரு சின்னப் படம் எனக்கு ஆச்சரியம். விடியற்கால வானத்தின் சிவப்பு மேகங்களே கொடியின் கோடுகள், நீல இடைவெளியில் நட்சத்திரங்கள், பட்டுப்போன ஒற்றை மரமே கொடிக்கம்பம். கொடியை ஆகாயமே ஏற்றிவிட்டது! அதை அச்சடித்து வீடு வீடாக விற்றார்கள்.

ஷோஷோனி ஊரும் பீர்ஸ்டாட் கனவும்

இனி என் காலண்டர் மலைக்கு வருகிறேன். பீர்ஸ்டாட் 1830இல் ஜெர்மனியில் பிறந்து இரண்டு வயதில் அமெரிக்கா வந்தவர். ஃப்ரெடரிக் லாண்டர் என்பவர் தலைமையில் மேற்கே பாதை அளக்கப் போன குழுவோடு 1859இல் ராக்கி மலைப் பக்கம் போய்க் குறிப்பெடுத்து வந்து, நியூயார்க்கில் உட்கார்ந்து இந்தப் படத்தை வரைந்தார். வயோமிங் மாநிலத்து விண்ட் ரிவர் மலைத்தொடர்தான் மூலம். ஆனால் படத்தில் இருப்பது போல ஒரு காட்சி அங்கே எந்த இடத்தில் நின்றாலும் தெரியாது. சிகரத்தை உயர்த்தி, அருவியை நடுவில் இழுத்து, வெளிச்சத்தை ஓர் இடத்தில் மட்டும் விழவைத்துச் சேர்த்துக் கட்டின மலை அது. லாண்டர் 1862இல் போர்க்காலத்தில் இறந்துவிட, அவர் பேரையே சிகரத்துக்கு வைத்தார். 1864இல் நியூயார்க்கில் போர் வீரர்களின் வைத்தியத்துக்காக நடந்த நிதிக் கண்காட்சியில் படம் பெரும் கூட்டத்தை இழுத்தது. அண்ணன் தம்பிகள் கிழக்கே வெட்டிக்கொண்டு சாகிற நேரத்தில், மேற்கே ரத்தக்கறை படாத ஒரு நாடு நமக்காகக் காத்திருக்கிறது என்று அந்த மலை சொல்லிற்று. ஜனங்களுக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது. 1865இல் படம் 25,000 டாலருக்கு விற்றது.

ரத்தக்கறை உண்மையிலேயே இல்லையா? 1863 ஜனவரி 29 அன்று, இன்றைய ஐடஹோ மாநிலத்தில் பேர் ரிவர் ஆற்றங்கரையில், ஷோஷோனி இனத்தின் வடமேற்குக் கிளையினர் குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த கூடாரங்கள் மீது கலிபோர்னியாத் தொண்டர் படை விடியற்காலையில் பாய்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பீர்ஸ்டாட் நியூயார்க்கில் ஷோஷோனி கூடாரங்களை வரைந்து முடித்த அதே வருஷம். அவர் வரைந்தது வேறு கிளை, வேறு ஆறு. அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பூர்வகுடிகளைப் பார்த்து, பழகி, அவர்கள் பொருள்களையெல்லாம் சேகரித்தவர் அவர். ஆனால் படத்தோடு வெளியிட்ட சிறு பிரசுரத்தில் ஒரு விருப்பம் வருகிறது. இந்த இந்திய ஊர் இருக்கும் சமவெளியில் பிற்காலத்தில் நம் சந்ததியார் குடியிருக்கும் நகரம் எழும்பலாம், அந்த நகரத்துக் கலைக்கூடத்தில் இந்தப் படம் போய்ச் சேரலாம் என்ற கருத்து. அன்போடு வரைந்த ஊரைத்தான், இனி இருக்காது என்ற நிச்சயத்தோடும் வரைந்திருக்கிறார்.

மஞ்சள் பாறைப் பள்ளத்தாக்கு

மூன்றாமவர் தாமஸ் மோரன். 1837இல் பிறந்தது எங்கே தெரியுமா? அதே போல்டன். பெற்றோர் கைத்தறி நெசவாளர்கள். விசைத்தறி வந்து அவர்கள் பிழைப்பில் மண் போட, 1844இல் அமெரிக்கா போனார்கள். லங்காஷயர் மில் நம் நாட்டுத் தறிக்காரர் வயிற்றில் அடித்தது என்றே படித்திருக்கிறோம். போல்டன் தறிக்காரர் வயிற்றிலும் அதே மில்தான் அடித்தது.

1871இல் 'ஸ்க்ரிப்னர்ஸ்' பத்திரிகை, யெல்லோஸ்டோன் என்ற அதிசய நாட்டைப் பற்றிய கட்டுரைக்கு மோரனைப் படம் போடச் சொன்னது. இடத்தைப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். பிறகு எப்படியாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பாதிக் கடன் அந்தப் பத்திரிகை கொடுத்தது, மறுபாதி ஜே குக் கொடுத்தார். ஜே குக் வங்கிக்காரர். அந்தப் பக்கம் போகவிருந்த நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்குப் பணம் திரட்டுகிறவர். ரயில் போடுகிறவனுக்கு, ரயில் ஏறிப் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

ஃபெர்டினண்ட் ஹேடன் தலைமையிலான அரசாங்க ஆய்வுக் குழுவோடு மோரன் போனார். குதிரைச் சவாரி பழக்கமில்லாத ஒல்லி மனிதர், சேணத்தின் மேல் தலையணை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். கூடவே வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரர். புகைப்படம் அன்றைக்குக் கறுப்பு வெள்ளைதான். பள்ளத்தாக்கின் மஞ்சளும் ரோஜா நிறமும் வெந்நீர்க் குளங்களின் நீலமும் மோரனின் நீர்வண்ணப் படங்களில்தான் வந்தன. திரும்பி வந்ததும் குக் கம்பெனி ஆள்களே, இதை என்றென்றைக்கும் பொதுப் பூங்காவாக ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஹேடனுக்கு யோசனை சொன்னார்கள். படங்களும் புகைப்படங்களும் காங்கிரஸ் உறுப்பினர்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட, 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனது.

பலரும் மோரனின் பன்னிரண்டடி அகலப் பெரிய ஓவியத்தைப் பார்த்துத்தான் சட்டம் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. பெரிய ஓவியம் சட்டம் வந்த பிறகுதான் முடிந்தது. வேலை செய்தவை சின்ன நீர்வண்ணப் படங்கள். பெரியதைக் காங்கிரஸ் 10,000 டாலருக்கு வாங்கித் தலைமன்றத்தில் மாட்டியது. ஒரு நிலத்தின் படத்துக்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து இவ்வளவு பணம் போனது என்றால், அந்தப் படம் தேசத்தின் உருவப்படம் ஆகிவிட்டது என்றுதானே பொருள்? மோரன் தன் பேருக்கு நடுவில் யெல்லோஸ்டோன் என்பதைச் சேர்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 1873இல் ஜே குக் கம்பெனி திவாலாகி நாட்டையே நெருக்கடியில் தள்ளியது. படங்கள் திவாலாகவில்லை. 1876இல் பாஸ்டன் லூயி பிராங் அச்சகம் மோரனின் நீர்வண்ணப் படங்களை 15 வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டது. காலண்டர் மலையின் குலமுறை எனக்கு இங்கே பிடிபட்டது.

பூங்கா காப்பாற்றிய நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மண்ணுக்கும் நீருக்கும் உயிர் உண்டு என்று சொல்கிற மதத்தில் பிறந்தவன். அத்தனை ஏக்கரில் ஆலையும் சுரங்கமும் வராமல் தடுத்தது பெரிய காரியம். ஆனால் 'மனிதன் கால்படாத நிலம்' என்று அதற்குப் போட்ட முகவரி பொய். அங்கே அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடிக் கல் கிடைக்கிற ஒரு பாறை இருக்கிறது. 11,000 வருஷமாக மக்கள் அதை வெட்டி எடுத்து அம்பு முனையும் கத்தியும் செய்து பண்டமாற்று செய்திருக்கிறார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒஹையோவின் பழங்கால மண்மேடுகளில் அந்தக் கல் கிடைத்திருக்கிறது. ரயில் கிடையாது, வண்டி கிடையாது, சரக்கு போயிருக்கிறது! மலை ஆடுகளை வேட்டையாடிய துக்குதிகா என்ற ஷோஷோனிக் கிளையினர் அந்த உயரத்திலேயே குடியிருந்தவர்கள். பூங்கா வந்த சில வருஷங்களில் அவர்கள் ஒதுக்கீட்டு நிலங்களுக்குப் போய்ச் சேரவேண்டியதாயிற்று. பயணிகள் பயப்படக்கூடாது என்பதற்காக, பூர்வகுடிகள் வெந்நீர் ஊற்றுகளுக்கு அஞ்சி இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்ற கதையைப் பூங்காவின் கண்காணிப்பாளர் நோரிஸ் பரப்பினார். ஓவியத்தில் காலியாகத் தெரிந்த நிலத்தை நிஜத்திலும் காலி செய்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு மலையின் கதையைச் சொல்ல வேண்டும். குஸ்டாவஸ் டோன் என்ற ராணுவ அதிகாரி 1870இல் யெல்லோஸ்டோனைப் பார்க்கப் போன குழுவுக்குக் காவலாகப் போனவர். பூங்காவில் ஒரு மலைக்கு அவர் பேர் வைத்தார்கள். அதே 1870 ஜனவரியில் மான்டானாவில் மரயாஸ் ஆற்றங்கரையில் அம்மை கண்டு கிடந்த பிளாக்ஃபீட் மக்களின் முகாமில் குறைந்தது 173 பேரைக் கொன்ற தாக்குதலில் முன்னின்றவரும் அவரே. நூற்றைம்பது வருஷம் கழித்து, 2022 ஜூன் மாதம், அந்த மலைக்கு 'முதல் மக்கள் மலை' என்று பேர் மாற்றினார்கள்.

இதைப் படித்தபோது நம் பக்கத்து மலைகள் நினைவுக்கு வந்தன. சமணப் பெரியோர்கள் தவம் இருந்த குகைகளில் வெட்டிய கற்படுக்கைகளைத் தமிழ்நாட்டில் பல இடங்களில் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றே சொல்வார்கள். சில குகைகளில் தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு பக்கத்திலேயே இருக்கும். படுத்தவர்கள் ஒருவர், பேர் வாங்கினவர்கள் இன்னொருவர். யார் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு மலையில் இருந்தவர்கள் யார் என்பது எவ்வளவு சுலபமாக மறந்துபோகும் என்று சின்ன வயசிலிருந்தே தெரிந்ததால்தான் பீர்ஸ்டாட்டின் கூடாரங்கள் என் கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்கர்களும் இப்போது அந்தப் பழைய படங்களைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கனடாவின் கிரீ இன ஓவியர் கென்ட் மாங்க்மன் பீர்ஸ்டாட் பாணி மலைகளை அப்படியே வரைந்து, முன்னால் கதையைத் தலைகீழாக்கிவிடுகிறார். 2021 ஜனவரி 20, ஜனாதிபதி பதவியேற்பு நாளில் தலைமன்றத்தில் வைத்துக் காட்டிய ஓவியம் ராபர்ட் டங்கன்சன் 1859இல் வரைந்த வானவில் காட்சி. டங்கன்சன் கறுப்பின ஓவியர். அடிமை முறை சட்டப்படி இருந்த காலத்தில் அந்த அமைதியான வானவில்லை வரைந்தவர். அவர் பேர் நான் புரட்டிய பழைய புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

பீர்ஸ்டாட்டின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. 1889 பாரிஸ் கண்காட்சிக்கு அவர் அனுப்ப விரும்பிய எருமை வேட்டைப் படத்தை, காலாவதியான பாணி என்று அமெரிக்கத் தேர்வுக் குழுவே தள்ளிவிட்டது. 1895இல் திவாலானார். 1902இல் இறந்தார். லாண்டர் சிகரத்தை மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1907இல் வாங்கியது.

அவருடைய பிரசுரத்தில் கண்ட நகரம் வந்ததா என்று வரைபடத்தை எடுத்துத் தேடினேன். விண்ட் ரிவர் மலையடிவாரத்தில் லாண்டர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதே ஃப்ரெடரிக் லாண்டரின் பேர்தான். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை சுமார் 7,500. படம் அங்கே போய்ச் சேரவில்லை, நியூயார்க்கிலேயே இருக்கிறது. ஊரை ஒட்டி விண்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலம் பரந்து கிடக்கிறது. 1868 ஒப்பந்தத்தில் கிடைத்த அந்த நிலத்தில், வடக்கு அரப்பாஹோ மக்களோடு சேர்ந்து, ஷோஷோனிகள் இன்றும் குடியிருக்கிறார்கள்.